புல்லட்டுக்கு ஒரு சைலன்ஸர்!

நம் ஊரில் சைலன்ஸர் என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, புல்லட் மோட்டார் சைக்கிளில் நீளமாகப் படுத்திருக்கும் சமாசாரம். பையன்கள் அதைக் கழற்றிவிட்டுத் தெருவே அதிரப் போய், போலீஸில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, சினிமா வில்லன் தன் ரிவால்வர் மூக்கில் நிதானமாகத் திருகுவது. 'ப்ஸ்க்' என்று ஒரு சின்ன சத்தம். பக்கத்து அறையில் தூங்குகிறவர்கூடப் புரண்டு படுக்கமாட்டார். ஆள் காலி!

இந்த இரண்டாவது அயிட்டத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிற யோகம் டெக்ஸாஸில் வாய்த்தது. உபயம், சான் அன்டோனியோவில் இருக்கும் என் அத்தை பையன். அவனுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வயது அறுபத்தேழு, ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிறார். ரைஃபிளுக்குப் புதுசாக சைலன்ஸர் வாங்கியிருக்கிறாராம்.

"சும்மா போய்த் தொட்டுட முடியாதுடா. முதல்ல உனக்கு வேட்டை லைசென்ஸ் எடுக்கணும்" என்றான்.

"எதுக்குடா? நான் என்ன புலியா சுடப்போறேன்?"

விஷயம் என்னவென்றால், அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குழாய் தனியாக மேஜைமேல் கிடந்தாலும் அதுவே ஒரு 'துப்பாக்கி'. விசிட்டர் விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கொசுவைத் தவிர எதையும் அடித்தறியாத நான், பணம் கட்டி வேட்டைக்காரன் ஆனேன்.

பெரியவர் அதை ஒரு துணிப் பையிலிருந்து உருவினார். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் தேடுவோமே, இரண்டு கட்டை டார்ச் லைட், அந்த சைஸ். டைட்டானியம் என்பதால் கனம் அரைக் கிலோவுக்கும் கம்மி. உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள், நடுவில் எல்லாவற்றிலும் ஒரே நேராக ஓட்டை. குண்டு ஓட்டை வழியாகப் போய்விடும். பின்னாலேயே பாய்ந்து வரும் சூடான வாயு மட்டும் அறை அறையாக மாட்டிக்கொண்டு, விரிந்து, சூடு தணிந்து, சாதுவாக வெளியே வரும். அவ்வளவுதான் தத்துவம். மோட்டார் சைக்கிளிலும் இதேதான்.

இது தற்செயல் இல்லை. 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம். இவருடைய அப்பா ஹைரம் மாக்ஸிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, அந்தச் சத்தத்திலேயே காது மந்தமானவர். அப்பா கிளப்பிய சத்தத்தை அடக்க மகன் குழாய் செய்திருக்கிறார்! அவர் கம்பெனி பிற்பாடு என்ஜின்களுக்கு சைலன்ஸர் செய்யப் போய்விட்டது. ஆக, நம் புல்லட்டும் தூரத்துச் சொந்தம்.

புதுக் குழாயின் விசேஷம் அதன் பின்பக்கம். அங்கே இருக்கும் பாகத்தை ஸ்பானர் போட்டுக் கழற்றி வேறு மாட்டலாம். பெரியவரிடம் மூன்று ரைஃபிள்கள். ஒன்றின் முனையில் பெரிய மரை, இன்னொன்றில் சின்ன மரை, மூன்றாவதில் பிரஷர் குக்கர் மூடி மாதிரி வைத்து ஒரு திருகு திருகினால் கவ்விக்கொள்ளும் அமைப்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் குழாய்க்குத் தன் மரைதான் என்று அடம் பிடிக்கும். இப்போது பல கம்பெனிகள் பின்பக்கத்துக்கு ஒன்றரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக, 1.375 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 24 மரை என்று ஒத்துப்போயிருக்கின்றன. போட்டிக் கம்பெனிக்காரர்களை ஒன்று சேர்த்தது எது என்று யோசித்தேன். பி.காம். புத்தி சும்மா இருக்குமா?

வரி, சார், வரி! 1934-ல் தாதாக்கள் காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். சைலன்ஸர் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி. அன்றைய 200 டாலர் இன்றைக்கு நாலாயிரத்துக்கும் மேலே. அதோடு கைரேகை, போட்டோ, பதிவு, மாதக்கணக்கில் காத்திருப்பு. பெரியவர் தன் பழைய குழாய்க்குப் பத்து மாதம் காத்திருந்தாராம். ஆனால் பதிவு எண் குழாய்க்குத்தான். பின்பாகத்துக்கு எண்ணும் இல்லை, வரியும் இல்லை. மூன்று குழாய்க்கு மூன்று வரி, மூன்று காத்திருப்பு. ஒரு குழாய், மூன்று பின்பாகம் என்றால் ஒரே வரி! இந்தக் கணக்குதான் அந்த மரையைத் திருகியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்ஸருக்கு வரி பூஜ்யம். பதிவும் கைரேகையும் அப்படியேதான்.

மாட்டியதும் உடனே சுடவில்லை. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு குழல் வழியாக நேரான ஒரு கம்பியைச் செருகி, சைலன்ஸரின் முனை ஓட்டைக்கு நட்டநடுவில் வருகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குண்டுக்கும் ஓட்டைக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி தேறாது. மரை கோணலாக ஏறியிருந்தால் குண்டு தடுப்பில் இடிக்கும், ஆயிரம் டாலர் குழாய் பிய்ந்துவிடும். (மரை கழன்றால் ஆபத்து என்பது மனிதர்களுக்கு மட்டுமல்ல.)

பிறகு தன் இடது காதிலிருந்த ஹியரிங் எய்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு முதலில் போவது இடது காதாம். குழலின் வாய்க்கு அதுதான் பக்கம். சின்ன வயசில் காதை மூடாமல் மான் சுட்டதன் பலன். "ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு என் காதுக்குள்ள மட்டும் சில்வண்டு கத்தும். நாற்பது வருஷமா நிக்கலை" என்றார் சாதாரணமாக.

எங்களுக்கும் காது மூடிகள் கொடுத்தார். முதலில் சைலன்ஸர் இல்லாமல் ஒன்று. மூடியையும் மீறி நெஞ்சில் ஒரு குத்து. அடுத்தது சைலன்ஸரோடு. 'ப்ஸ்க்'கை எதிர்பார்த்தேன். வந்ததோ, சாட்டையைச் சொடுக்கின மாதிரி பளீரென்று ஒரு சத்தம்! குண்டு ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தச் சொடுக்கைக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. சுமார் 165 டெசிபல் சத்தம் 135 பக்கம் இறங்குகிறது, அவ்வளவே. காதுக்கு 140 எல்லை என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவதுதான் லாபம். அப்படியும் காது மூடியைக் கழற்றவிடவில்லை பெரியவர். சினிமா வில்லனைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ரிவால்வரில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே, சத்தம் அதன் வழியாகத் தப்பிவிடுமாம்.

இருபது குண்டுக்குப் பிறகு குழாய் தோசைக்கல். தொட்டால் தோல் போய்விடும்.

காதுக்கு நல்லது, சரி. ஆனால் 2019-ல் வர்ஜினியா பீச்சில் பன்னிரண்டு பேரைக் கொன்றவன் கையிலும் சைலன்ஸர் இருந்தது. அதையும் கேட்டேன். பெரியவர் மறுக்கவில்லை. "அதனால்தான் கைரேகை கேட்டா நான் முணுமுணுக்கறதில்லை" என்றார். வரியை எடுத்தவர்கள் பதிவையும் எடுத்துவிட வேண்டும் என்கிற கட்சி அங்கே பலமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், பதிவு இருக்கட்டும்.

பெரியவரோடு அன்று பேத்தியும் வந்திருந்தாள். பதினோரு வயசு. தலையைவிடப் பெரிய காது மூடியோடு வண்டியில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்குச் சின்ன ரைஃபிளில் சுடக் கற்றுத்தரப் போகிறாராம். அதற்கென்று இன்னொரு குட்டிக் குழாய்க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

"இப்ப எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

என் பக்கம் வலது காதைத் திருப்பி, "என்ன கேட்டீங்க?" என்றார்.