பறக்கும் என்ஜினின் எண்ணெய் ஏன் சூடேறுகிறது?

மாணவர்களே, "வெப்பம்" அலகில் வரும் இந்தச் சமன்பாட்டை எத்தனை தடவை எழுதியிருப்பீர்கள்!

வெப்பத்தின் அளவு = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்

இது கலோரிமானிக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் சிறு விமானம் கட்டுபவர்களும் இதை வைத்தே தம் என்ஜினின் பிழையைத் தேடுகிறார்கள். (கலைப் பிரிவுக்குப் போக நினைப்பவர்களும் வாசியுங்கள், நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.)

விமானத்தின் பெரும்பகுதியை ஒருவர் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே கட்டினால், அதனைப் "பரிசோதனை" வகையில் பதிவுசெய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. விமான என்ஜின் விலை கூடியது. ஆகவே சிலர் 1978 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரான மஸ்டா ஆர்.எக்ஸ்-7 காரின் சுழலி என்ஜினைப் பூட்டுகிறார்கள். இவ்வகை என்ஜின் ஜேர்மனியரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் பிறந்து 1957 இல் முதன்முதலாக ஓடியது. இதில் முன்னும் பின்னும் ஓடும் முசலம், அதாவது பிஸ்டன், இல்லை. முக்கோண வடிவச் சுழலி ஒன்று கூட்டினுள்ளே சுழல்கிறது.

இங்கேதான் சிக்கல். வெளிக்கூட்டை நீர் குளிர்விக்கும். ஆனால் சுழலியின் உள்ளே நீர் போக வழியில்லை. தண்டிலுள்ள துளைகளூடாகப் பீச்சப்படும் எண்ணெயே அதைக் குளிர்விக்க வேண்டும். இதனால் நீரும் எண்ணெயும் சேர்ந்து அகற்றும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெயின் தலையில் விழுகிறது. எண்ணெய் அளவுமீறிச் சூடானால் அதன் பாகுநிலை குறையும், அமுக்கம் விழும், உராயும் பரப்புகளுக்கிடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறும். கார் என்றால் தெருவோரம் நிறுத்தலாம். வானத்தில் தெருவோரம் இல்லை.

வெப்பமானி 110 பாகை செல்சியஸ் காட்டுகிறது என்க. பலர் உடனே இன்னும் பெரிய ஒயில் கூலரை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இது காசுக்கும் நட்டம், பாரமும் கூடும். முதலில் வெப்பமானியையே சோதிக்க வேண்டும். அதன் உணரியைக் கொதிநீரில் இட்டால் கடல்மட்டத்தில் 100 பாகை காட்ட வேண்டும். அது சரியெனில் கூலருக்குள் புகும் எண்ணெய், வெளியேறும் எண்ணெய், வெளியேறும் காற்று ஆகிய மூன்றினதும் வெப்பநிலையை அளக்க வேண்டும்.

ஒரு செக்கனில் 0.5 கிலோகிராம் எண்ணெய் ஓடி 20 பாகை குளிர்கிறது எனக் கொள்வோம். எண்ணெயின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 2000 அலகு. ஆகவே 0.5 × 2000 × 20 = 20 000 யூல், அதாவது 20 கிலோவாற்று. எண்ணெய் இழந்த வெப்பத்தைக் காற்று பெற வேண்டும். காற்றின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 1000. காற்று 30 பாகையால் சூடேறினால், செக்கனுக்கு 20 000 ÷ (1000 × 30) = 0.67 கிலோகிராம் காற்றுத் தேவை. கனவளவில் இது அரைக் கனமீற்றருக்கும் மேல்!

இனிப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். எண்ணெய் சிறிதே குளிர்ந்து, காற்று மிகச் சூடாக வெளியேறினால் காற்றுப் போதவில்லை. எண்ணெய் சிறிதே குளிர்ந்து, காற்றும் குளிராகவே வந்தால் வெப்பம் காற்றைச் சேரவில்லை. மஸ்டாவின் சில கூலர்களில் குளிர்ந்த எண்ணெயைக் குறுக்குவழியில் அனுப்பும் வால்வு உண்டு. சூடானபின் அது மூடாமல் நின்றுவிட்டதா எனப் பார்க்க வேண்டும். எண்ணெய் நன்றாகக் குளிர்ந்தும் என்ஜின் சூடாகவே இருந்தால், கூலரூடாக ஓடும் எண்ணெயின் அளவு குறைவு.

பெரும்பாலும் அகப்படுவது காற்றுத்தான். காற்று அமுக்க வேறுபாட்டினாலேயே ஓடும். ஆகவே கூலரின் முன்புறத்தையும் பின்புறத்தையும் நிறநீர் கொண்ட யூ வடிவக் குழாயின் இரு முனைகளுடன் இணைத்துப் பறந்து பார்ப்பார்கள். செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தில் வரும் காற்றைத் தடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 960 பசுக்கால் (பெறுகை உங்களுக்குத் தேவையில்லை). நீர்மட்ட வேறுபாடு 960 ÷ (1000 × 10) = 9.6 சென்ரிமீற்றர். முன்புறத்தில் காற்றைத் தடுப்பதால் மட்டும் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வேகம் பாதியானால் அமுக்கம் காற்பங்காகும். மேலெழும்போது வலு உச்சம், வேகமோ குறைவு. எண்ணெய் அப்போதே அதிகம் சூடேறும். முன்வாயை அகலமாக்குவதிலேயே பலரின் கவனம் நிற்கிறது. சூடான காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. கூலரின் ஓரங்களிலுள்ள இடைவெளிகளையும் அடைக்க வேண்டும். காற்று இலகுவான வழியைத்தான் தேடும்.

பயிற்சி: செக்கனுக்கு 0.5 கிலோகிராம் எண்ணெய் 110 பாகையில் புகுந்து 106 பாகையில் வெளியேறுகிறது. காற்று 30 பாகையில் புகுந்து 104 பாகையில் வெளியேறுகிறது. கூலரூடாகச் செக்கனுக்கு ஓடும் காற்றின் திணிவைக் காண்க. பிழை எங்கே?

விடை: ஏறத்தாழ 0.05 கிலோகிராம். மேலே கண்ட 0.67 உடன் ஒப்பிடுக.