பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்

"எம்.சி.பி. போட்டிருக்கே, அப்புறம் எப்படி சார் வீட்ல தீப்பிடிக்கும்?" டீயோடு நாலு பேர் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். டீ ஆறிப்போனால் என்னைத் திட்டாதீர்கள்.

எம்.சி.பி. என்கிற தானியங்கி ஸ்விட்ச் காவல் காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. அது தாங்குவதைவிட அதிகமாகக் கரன்ட் போனாலோ, பேஸும் நியூட்ரலும் ஒட்டி ஷார்ட் ஆனாலோ விழுந்துவிடும். ஆனால் பல வீடுகளில் தீ ஆரம்பிக்கிற இடம் வேறு. ஒயரை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிற இடம், பிளக்கின் பின் சாக்கெட்டுக்குள் உட்காருகிற இடம். அங்கே பிடி தளர்ந்துவிட்டால் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

ஏன் தெரியாது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், வகுத்தலும் பெருக்கலும் மட்டும்தான். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டில் பிடி தளர்ந்து அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே கிளம்பும் சூடு கிடைக்கும். போட்டுப் பார்த்தால் 38 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரியதாக ஒன்று உங்கள் ஸ்விட்ச் போர்டுக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், சாம்பார் கொதித்து முடிகிறவரை காய்ந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்குப் போகும் வோல்ட்டேஜில் நாலு குறையும், அவ்வளவுதான். எம்.சி.பி. பார்ப்பதோ 8.7 ஆம்பியரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு எதற்காக விழப்போகிறது?

இதே சாக்கெட்டில் பத்து வருஷமாக டேபிள் ஃபேன் ஓடியிருக்கும். 75 வாட் ஃபேன் இழுப்பது 0.33 ஆம்பியர். அதே அரை ஓம் தடையில் அதற்குக் கிளம்பும் சூடு ஒரு வாட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. சாக்கெட் அன்றைக்கே தளர்ந்துதான் இருந்தது. அதைச் சோதிக்கிற அளவுக்கு நாம் கரன்ட் இழுக்கவில்லை. ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் ஒயரிங் செய்த பழைய வீட்டில் கீசரும் ஏ.சி.யும் இன்டக்‌ஷனும் வந்து சேர்ந்த பிறகுதான் சோதனை.

தளர்ந்த இடம் தானாகச் சரியாகாது. சூடேறினால் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வுகிற பித்தளைத் தகடு சூட்டில் விறைப்பை இழந்துவிடும். வீட்டு ஒயரின் மேல் இருக்கும் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸுக்குத்தான் கணக்கிடப்பட்டது.

வெளிநாட்டிலும் இதே சந்தேகம் எழுந்ததுண்டு. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிரைக் குடித்த தீ, நாலாம் மாடி சமையலறையில் இருந்த ஒரு ஃபிரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாறில் தொடங்கியது. கம்ப்ரஸர் பகுதியில் சரியாக அழுத்திப் பிடிக்கப்படாத ஓர் ஒயர் முனை சூடேறியிருக்கலாம் என்று விசாரணையில் மின் நிபுணர் ஒருவர் சொன்னார். தீ கட்டடம் முழுக்கப் பரவியதற்கு அதன் வெளிப்புறத் தகடுகள்தான் முக்கியக் காரணம், அது தனிக் கதை.

"ஆர்.சி.சி.பி.யும் இருக்கு சார்" என்பார்கள். நல்லது, கட்டாயம் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தாலே அது துண்டித்துவிடும், உயிர் பிழைக்கும். ஆனால் தளர்ந்த சாக்கெட்டில் எதுவும் கசியவில்லை. போன கரன்ட் முழுசாகத் திரும்பி வருகிறது. ஆகவே அதுவும் பேசாமல் இருக்கும்.

எம்.சி.பி.யை வைத்து நாம் செய்கிற அக்கிரமம் ஒன்று உண்டு. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 16ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடச் சொல்வது. அந்தக் காலத்தில் ஃபியூஸ் போனால் ஒயரிலிருந்து நாலு இழை உருவி முறுக்கிக் கட்டுவார்களே, அதே வேலைதான், பெட்டி மட்டும் புதுசு. 16 ஆம்பியர் எம்.சி.பி.யே 18 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரம்வரை பொறுத்துக்கொள்ளும். 23ஐத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது விதி. 32 போட்டால், சுவருக்குள் இருக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வெந்து போனாலும் அது அசையாது. டிரிப் ஆவதை நிறுத்த வேண்டுமானால் கீசருக்கும் ஏ.சி.க்கும் மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

16 ஆம்பியர் பவர் பிளக்கின் தடித்த பின் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாதபடி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அதை நுழைப்பதற்கென்றே கடையில் கன்வெர்ட்டர் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். டி.வி., மோடம், போன் சார்ஜருக்குச் சரி. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சுவர் சாக்கெட்டில்தான். பிளக்கே இல்லாத ஒயரின் முனையைச் சீவி, சாக்கெட்டில் சொருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தளர்ந்த பிடிக்குப் பக்கத்தில் வைக்க அவர்களுக்கு வேறு குச்சியே கிடைக்கவில்லை!

அயர்ன் பண்ணும்போது கரன்ட் போனால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். அப்படியே போட்டுவிட்டு வெளியே போனால், ஆள் இல்லாத வீட்டில் கரன்ட் வரும்.

தளர்ந்த பிடியைக் கண்டுபிடிக்க மூக்கும் உதவும். சூடேறிய ஸ்விட்ச், சாக்கெட் சிலவற்றிலிருந்து மீன் கவிச்சி போல ஒரு வாடை வரும். சைவ வீட்டில் திடீரென்று மீன் வாடை அடித்தால் பக்கத்து வீட்டைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்விட்ச் போர்டை மோந்து பாருங்கள். பிளேட் மஞ்சளாவது, பின் கறுப்பது, ஸ்விட்ச் போடும்போது சடசடவென்று சத்தம், பிளக் தன் பாரத்திலேயே தொங்கி விழுவது, எல்லாம் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன.

எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வரும்போது இதையும் கேளுங்கள்: மெயினை அணைத்துவிட்டு, எம்.சி.பி. ஸ்க்ரூக்கள், நியூட்ரல் லிங்க், பவர் பிளக் சாக்கெட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கித் தரச் சொல்லுங்கள். நியூட்ரலைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஓட்டைக்குள் நுழையவில்லையென்று ஒயரின் இழைகளில் பாதியை நறுக்கிவிடுகிறாரா என்றும் பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

மீறித் தீப்பிடித்தால் முதலில் மெயின். அதை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை நெருங்க முடியாவிட்டால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 101க்கு அழையுங்கள்.

இன்று ராத்திரி இன்டக்‌ஷனிலோ கீசரிலோ வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் புதுச் சாக்கெட் மாட்டும்வரை அந்தப் பிளக்கைப் போடாதீர்கள். சில நூறு ரூபாய் வேலைதான், நாளைக்கே செய்துவிடலாம்.