குறுங்குழல் பெருவாய் வேட்டைத் துப்பாக்கி

வாலாஜாபாத் என்றவுடன் இக்கால மாணாக்கருக்கு அடுத்துள்ள ஒரகடத்தின் மோட்டார்த் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். ஆயின் நவாப் முகம்மதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியாரின் படைவீடாயிருந்தது. அந்நாளில் கம்பெனிப் படைகளுக்கென்று செய்யப்பட்ட ஒருவகைத் துப்பாக்கிக்கு 'இந்தியா மாதிரி' என்றே பெயர். அரசரது படையின் பழைய நெடுந்துப்பாக்கியின் குழல் 46 அங்குலம். பின்வந்தது 42 அங்குலம். இந்தியா மாதிரியோ 39 அங்குலமே. மூன்றுக்கும் குழல்வாய் முக்கால் அங்குலம். வாயைக் குறைக்காமல் நீளத்தைக் குறைத்த இம்மாதிரி, செலவிலும் தூக்கிச் செல்வதிலும் எளிதாயிருந்தமையால், 1797-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் அரசாங்கப் படையும் இதனையே கைக்கொண்டது.

குழலைக் குறுக்கி வாயைப் பெரிதாய் வைத்தல் என்னும் இவ்வேற்பாடு, உட்புறம் வழவழப்பான அப்பழந்துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. குழலின் உட்புறத்தே சுழல்வரி வெட்டி, குண்டைச் சுழலச்செய்து குறி பிசகாமற் செலுத்தும் ரைபிள் வந்த பின்னரும், அடர்ந்த காட்டில் பெருவிலங்கை எதிர்ப்பட்ட வேட்டைக்காரர் இதனையே நாடினர். அதன் காரணத்தையும், அதற்கேற்ற தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் சுருங்கக் கூறுதலே நமது நோக்கம்.

முதலாவது, குழலைக் குறைத்தால் நேர்வது யாது? மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டு குழலைவிட்டு நீங்கும் வரையில் அதனைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். குழல் குறுகினால் தள்ளும் தூரமும் குறையும், வேகம் குறையும், மிஞ்சிய வாயு வாயிலே பேரொலியாகவும் தீப்பிழம்பாகவும் வெளிப்படும். ஆனால் வாய் அகன்றிருப்பின் இந்நஷ்டம் சிறிதாகும். விட்டம் ஒன்றரை மடங்கானால், வாயு தள்ளும் பரப்பு இரண்டேகால் மடங்காகின்றது. ஆதலால் ஒவ்வோர் அங்குலத்திலும் வாயு மிகுதியாக விரிந்து, தன் வேலையை விரைவில் முடித்துவிடுகிறது. எனவே குறுங்குழலுக்கு ஏற்றது பெருவாயும், கனத்த குண்டும், மிதமான வேகமுமேயன்றி, சிறுவாயும் மிகுந்த மருந்தும் அல்ல.

இரண்டாவது, உதைப்பு. குண்டு முன்செல்லும் அளவுக்குத் துப்பாக்கி பின்வரும் என்பது நியூட்டனார் கண்ட விதி. 1898-ல் ரிக்பி கம்பெனியார் வெளியிட்ட 0.450 அங்குல நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 31 கிராம் நிறையுடையது. வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 655 மீட்டர். இத்தோட்டாவை 5 கிலோ துப்பாக்கியில் இட்டுச் சுடும்போது தோளில் தாக்கும் சக்தியை 100 என்று கொண்டால், அதே தோட்டாவை 3½ கிலோ துப்பாக்கியில் இடும்போது அது 143 ஆகின்றது. சுமப்பதற்கு இலேசாக வேண்டுமென்று எடையைக் குறைத்தவன், சுடும்போது அதற்கு வட்டியுடன் செலுத்துகிறான். உதைப்பை எண்ணி அஞ்சுகிறவன் குதிரையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிறான், குறி தப்புகிறது.

மூன்றாவது, நம் நாட்டு வெயில். கார்டைட் என்னும் மருந்து சூடேறினால் அதன் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்தால் வெடித்த தோட்டாக்கூடு குழலின் அடியில் இறுகிக்கொண்டு வெளிவர மறுக்கும். காயமுற்ற விலங்கு எதிரே நிற்கையில் இதனினும் பெரிய ஆபத்து யாது? ஆகவே ஆங்கிலத் துப்பாக்கிக் கம்மியர், உஷ்ண தேசங்களுக்கென்று நீண்ட பெரிய கூடுகளில் மருந்தை நெருக்கமின்றி இட்டு, அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தனர். குண்டிலும் வேறுபாடு உண்டு: புலிக்கு, தாக்கியவுடன் விரியும் மென்முனைக் குண்டு, யானையின் தடித்த எலும்புக்கு, விரியாத முழுக்கவசக் குண்டு.

நான்காவது, சட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைத்துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடுமென்று அஞ்சி, 0.450 அங்குலத் தோட்டாக்களை இந்தியாவில் அரசாங்கத்தார் தடுத்தனர். உடனே கம்மியர் 0.465, 0.470, 0.475 என்று புதிய அளவுகளைப் படைத்தனர். படைக்குரிய 0.303 அளவு பொதுமக்களுக்குக் கிடையாதாகவே, ஆஸ்திரியப் படையின் பழந்தோட்டாவொன்று 0.315 என்னும் பெயரால் இங்கே வழங்கலாயிற்று. இச்சாப்பூர்த் தொழிற்சாலை அதற்குரிய ரைபிளைச் செய்தது. எவ்வளவு சிறந்த தோட்டாவாயினும் கடையில் கிடையாததும் உரிமம் பெறாததும் பயனற்றவை.

நமது சேலம், தருமபுரிக் காடுகளில் இவற்றிற்கு ஓர் எடுத்துக்காட்டுண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), மூங்கிற்புதரும் உண்ணிச்செடியும் பின்னிய அக்காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிச்சென்றபோது, 0.405 அங்குல வின்செஸ்டர் ரைபிளையே பெரிதும் ஏந்தினார். அதன் குண்டு 19 கிராமுக்குச் சற்று மேற்பட்டது. யானைத்துப்பாக்கிகளோடு ஒப்பிடின் அது நடுத்தரமே. ஆயினும் நாளெல்லாம் சுமந்து நடக்கவும், நெம்புகோலைத் தள்ளி இழுத்து விரைவில் மறுபடி சுடவும் ஏற்றது. அவர் கருவி பெருமைக்காக அன்று, காட்டுக்காக அமைந்தது.

தேர்வு தவறினால் யாது நேரும் என்பதற்குச் சம்பாவத் பெண்புலியே சாட்சி. 1907-ல் ஜிம் கார்பெட் அதனைக் கொன்றபோது, அதன் வலப்புறத்து மேல் கீழ்க் கோரைப்பற்கள் முறிந்திருக்கக் கண்டார். யாரோ என்றோ சுட்ட குண்டின் காயம் அது. இயற்கை இரையைப் பிடிக்க இயலாமையே அதனை மனிதர்பால் திருப்பிற்று என்பது அவர் துணிபு. அதற்கு இரையானோர் 436 பேர் என்று கணக்கிடப்பட்டது. அன்று கார்பெட்டும் தாம் கொண்டுசென்ற மூன்று தோட்டாக்கள் தீர்ந்தபின், தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கியே வேலையை முடிக்க நேர்ந்தது. தவறிய ஒரு குண்டின் விலையைச் சுட்டவன் செலுத்துவதில்லை. விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் சென்ற ஏழைகள் செலுத்தினர்.

இக்கலை இன்று நம் நாட்டில் பெரும்பாலும் சரித்திரமாயிற்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டு வேட்டைக்கு முடிவு கட்டியது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கின் விஷயத்திலும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கி செய்தல் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே மாணாக்கர் கற்கவேண்டியது துப்பாக்கியை அன்று, அதன் கணக்கை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். அக்கூடுதலை யாரோ ஒருவர் சுமந்தே தீரவேண்டும். ஒரகடத்துப் பட்டறையில் உருக்கைக் கடையப்போகும் நமது இளைஞர், தாம் செய்யும் பொருள் எதுவாயினும், அதன் சுமை யார் தோளில் இறங்கும் என்பதை முதலில் கணக்கிடுவாராக.