குரங்கும் இளம்பிள்ளைவாதமும்

மக்கட்கு வரும் கொடுநோய்கள் பலவற்றை மக்களிடத்தே உண்டாக்கிச் சோதித்தல் தகாது. ஆதலின் ஆராய்ச்சியாளர், உடலமைப்பில் நம்மைப் பெரிதும் ஒத்த குரங்கினங்களை நாடுவாராயினர். இம்முறையால் விளையும் நன்மையையும், இதன்கண் நேரக்கூடிய பிழையையும் இளம்பிள்ளைவாதத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

1908-ம் ஆண்டில் வியன்னா நகரில் லான்ட்ஸ்டைனர், பாப்பர் என்னும் இருவர், இந்நோயால் இறந்த ஒரு சிறுவனது தண்டுவடத்தினின்றும் எடுத்த பொருளைக் குரங்குகளின் வயிற்றினுள் செலுத்தினர். அவையும் அந்நோயுற்றன. அப்பொருளில் பாக்டீரியா எதுவும் காணப்படாமையின், நோய்க்குக் காரணம் அதனினும் நுண்ணிய வைரஸ் என்பது புலனாயிற்று.

பின்னர், நியூயார்க்கில் பிளெக்ஸ்னர் முதலியோர் ரீசஸ் குரங்குகளின் மூக்கில் வைரஸை இட்டனர். அது நரம்பின் வழியே மூளையை எய்திற்று. வாய்வழி கொடுத்தபோதோ அக்குரங்குகட்கு நோய் எளிதில் வந்திலது. ஆகவே மனிதர்க்கும் மூக்கே நோய்வாயில் எனத் துணிந்தனர். இத்துணிபை நம்பி, 1937-ம் ஆண்டில் டொரான்டோ நகரில் ஆயிரக்கணக்கான சிறார்களின் மூக்கில் துத்தநாகக் கரைசல் தெளிக்கப்பட்டது. நோய் தடைப்படவில்லை, சிறார் சிலர் மோப்ப உணர்வையும் இழந்தனர்.

பிழை யாண்டுளது? ரீசஸ் குரங்கிடத்துக் கண்டது பொய்யன்று. அதனை அவ்வாறே மனிதர்க்கும் ஏற்றியதே பிழை. மூளைவழியே பன்முறை மாற்றி வளர்த்த வைரஸ் நரம்பொன்றையே பற்றும் இயல்பினதாயிற்று. 1941-ம் ஆண்டில் சேபினும் வார்டும் இந்நோயால் இறந்தோரின் குடலில் வைரஸ் மிக்கிருத்தலைக் கண்டனர். 1952-ம் ஆண்டில் டோரதி ஹார்ஸ்ட்மன், டேவிட் போடியன் ஆகிய இருவரும் தனித்தனியே, வாய்வழி வைரஸ் ஊட்டப்பெற்ற குரங்கினங்களின் குருதியில், கைகால் முடங்குவதற்கு முன்னரே அது தோன்றுதலை நிறுவினர். குருதியில் வருவதாயின், குருதியிலுள்ள எதிர்ப்பொருளால் அதனை வழியிலேயே மறிக்கலாமன்றோ? தடுப்பூசி பயன்படும் என்னும் நம்பிக்கை இதனால் உறுதிப்பட்டது.

1955-ம் ஆண்டில் வெளிவந்த சால்க்கின் தடுப்பூசிக்குரிய வைரஸ், குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்பட்டது. அதன்பொருட்டு நம் நாட்டினின்றும் எண்ணிறந்த குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் சென்றன. 1978-ம் ஆண்டில் இந்தியா அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. 2014-ம் ஆண்டில் இந்நாடு இளம்பிள்ளைவாதம் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

ஆகவே, குரங்கு தருவது சான்றேயன்றித் தீர்ப்பன்று. அச்சான்றை மனிதரிடத்துக் காண்பவற்றோடு ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கொள்ளல் வேண்டும். நம் குழந்தைகள் நடத்தற்பொருட்டு உயிர்நீத்த விலங்குகட்கு, அவற்றுள் ஒன்றேனும் வீணே மடியாவாறு ஆராய்தலே நாம் செலுத்தும் கைம்மாறாகும்.