வேலிக்கு ஒரு வேலி

பிப்ரவரி மாதம் கென்ட் பக்கம், புதிதாக நட்ட உயிர்வேலியோரம் நடந்து பாருங்கள். இரவில் வந்து போனது யார் என்று செடியை வைத்தே சொல்லிவிடலாம். குச்சி சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டு, வெட்டிய துண்டையும் காணோம் என்றால் குழிமுயல் (இனி வெறுமனே முயல் என்று நான் சொல்வது இதைத்தான்). அதே வெட்டு, ஆனால் துண்டு தரையில் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் காட்டுமுயல். நுனி பிய்ந்து நார்நாராகத் தொங்கினால் மான். அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கடித்து இழுத்துத்தான் தின்னும். தரையை ஒட்டி, புல் மறைத்த இடத்தில் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் வோல் என்ற சின்ன வயலெலி. யாரிடமிருந்து காக்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எப்படிக் காப்பது என்ற பேச்சே.

தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் பேர்போன மாவட்டம். குடியேறி வந்த எனக்கு இங்கே மனம் ஒட்டியது வேலி நடும் தன்னார்வலர்களோடு சேர்ந்த பிறகுதான். நவம்பர் முதல் மார்ச் வரை செடிகள் உறங்கும் காலம். அப்போது மண் உதறிய வேரோடு கட்டுக்கட்டாக நாற்று வரும். ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முள்செடிகள், ஹேசல், காட்டு ரோஜா எல்லாம் அதில் இருக்கும். முழங்கால் உயரக் குச்சிகள். மீட்டருக்கு ஐந்து வீதம் இரட்டை வரிசையில் நடுவோம். வளர்ந்துவிட்டால் பறவைக்குக் கூடு, தேனீக்குப் பூ, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பு எல்லாம் அதுவே.

நட்டதும் ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பிளாஸ்டிக் சுருளை மாட்டுவோம். திண்டுக்கல்லிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, முள்ளுச் செடிக்கே சட்டை போடுறீங்க? நம்ம கிளுவை வேலிக்கு எவன் காவல் இருந்தான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹாதார்ன் முள் முற்றுவதற்கு முன்பே முயல் வந்துவிடுகிறது என்பதுதான் பதில்.

குளிர்காலத்தில் புல் குறையும், பனி விழுந்தால் அதுவும் மூடிப்போகும். அப்போது முயலுக்கு எட்டும் பச்சை, இளம் பட்டைதான். அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிக்கச் சளைக்காது. இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கத்தில் உள்ள புளோயம் வழியாக. ஒரு பக்கம் மட்டும் கடித்திருந்தால் மரம் தேறிவிடும். சுற்றிலும் வளையமாகப் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் ஏறும் பாதை உள்ளே இருப்பதால் வசந்தத்தில் இலைகூட விடும். பிழைத்துவிட்டது என்று நம்பியிருப்போம், பிறகு காய்ந்துபோகும். வளையம் விழுந்தது வேலிச்செடி என்றால் அதற்குக் கீழே, தரையோடு வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும். ஒட்டுக்கட்டிய ஆப்பிளில் அப்படிச் செய்தால் அடிக்கட்டையின் கிளைதான் வரும், நாம் விரும்பிய ரகம் வராது. அதற்கு அதே மரத்தின் குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் பாலம் போல் ஒட்டவைக்கும் முறை உண்டு. கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது.

ஆகவே முன்காவல்தான் வழி. முயலுக்கு 60 செ.மீ. உயரச் சுருள் போதும். காட்டுமுயல் நடமாடும் இடத்தில் 75 செ.மீ. வேண்டும், ரோ மான் வந்தால் 120 செ.மீ. குழாய். சுருளின் அடி மண்ணில் பதிய வேண்டும், பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்ற வேண்டும். பனி ஓர் அடி குவிந்தால் முயலும் ஓர் அடி உயர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. செடியைச் சுற்றிப் புல் மண்டவிட்டால் வோல் அதற்குள் குடியேறிச் சுருளுக்குள்ளேயே பட்டையைத் தின்னும். களை எடுப்பதும் காவலில் சேர்ந்ததுதான்.

நிலம் பெரிதென்றால் கம்பிவலை. கண் அளவு 31 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, குட்டிகள் நுழைந்துவிடும். தரைக்கு மேல் 90 செ.மீ. நிற்க வேண்டும். கீழே 15 செ.மீ. வலையை முயல் வரும் பக்கமாக மடித்துத் தரையில் படுக்கப்போட்டு, மேலே புல்கட்டி வைத்து அழுத்த வேண்டும். முயல் வேலியின் அடிக்கு வந்துதான் தோண்டும். தோண்டுகிற இடத்தில் வலை கிடந்தால் விட்டுவிட்டுப் போகும். அதன் சுபாவம் தெரிந்து செய்த ஏற்பாடு இது.

இத்தனை பாடுபடுவதற்கு முயலையே ஒழித்துவிடலாமே என்பவர்கள் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே நிலம் வைத்திருப்பவர் முயலைக் கட்டுப்படுத்தவோ, அது முடியாத இடத்தில் சேதத்தைத் தடுக்கவோ கடமைப்பட்டவர். அதற்கு முந்தைய வருடம், 1953இல், இதே கென்டில்தான் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனில் முதலில் தென்பட்டது. இரண்டே வருடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல்கள் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். விவசாயிகளுக்கு நிம்மதிதான். ஆனால் முயல் மேயாத மேட்டுப் புல்வெளிகளில் புல் உயர்ந்து தரை குளிர்ந்தது. வெயில்படும் தரையில் வாழும் ஒரு சிவப்பெறும்பு அருகியது. அந்த எறும்பின் புற்றுக்குள் புழுவாக வளரும் ‘லார்ஜ் புளூ’ என்ற வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்தே அற்றுப்போனது. பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்துதான் அதை மீட்டார்கள். முயலின் பூர்வீகமான ஸ்பெயின் பக்கத்திலோ அது இன்று அழியும் அபாயத்திலுள்ள இனம். ஐபீரிய லின்க்ஸ் பூனைக்கு அதுவே முக்கிய இரை.

பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்குமாகக் கொண்டுவந்து வளர்த்த இந்த முயல், எண்ணூறு வருடங்களுக்கு மேலாக இந்த மண்ணில் இருக்கிறது. அதற்குப் புல்லும் நம் குச்சிக்குக் காவலும் கிடைத்தால் இரண்டும் வாழும். நான் கொல்லும் பக்கம் போகாமல் காக்கும் பக்கம் நிற்பது இதனால்தான்.

இதில் ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. நாலைந்து வருடத்தில் தண்டு பருத்ததும் சுருளைக் கழற்ற வேண்டும். நடுகிற நாளில் கூட்டம் வரும், படமெடுப்பார்கள். கழற்றுகிற நாளில் ஆள் இருக்காது. வேலிக்கடியில் பிளாஸ்டிக் நொறுங்கி மண்ணோடு கலக்கிறது. உட்லண்ட் டிரஸ்ட் என்ற பெரிய மரம் வளர்ப்பு அமைப்பு, 2021 முடிவோடு தன் நிலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் காப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஆட்டுரோமத்திலும் அட்டையிலும் செய்த காப்புகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டுச் சாலையோரங்களிலும் ஆட்டுக்காகப் போட்ட இரும்புக் கூண்டு, வளர்ந்த மரத்தின் தண்டை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காத்த கூண்டே மரத்துக்குக் காயமாகிறது.

கன்று நடப் போகும் எவரிடமும் நான் கேட்பது இதுதான்: நடும் தேதியை எழுதும் அதே நோட்டில், காவலை எடுக்க வேண்டிய வருடத்தையும் எடுக்கப் போகிறவர் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால், கிடைக்கும் ஆளுக்கு எத்தனை கன்று முடியுமோ அத்தனை மட்டும் நடுங்கள்.