ஊர் திரும்பலாம், பிள்ளைகளின் பட்டம் பார்த்து!

இயற்கை வேளாண்மைப் பயிற்சிக்கு வரும் இளம் தம்பதிகளிடம் பேசிப் பாருங்கள். நிலம் பார்த்தாச்சு, கிணத்துல தண்ணி இருக்கு, நாட்டு மாடு வாங்கப்போறோம் என்று உற்சாகமாகச் சொல்வார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "பிள்ளைங்க படிப்புக்கு என்னங்க செய்யுறது?"

"வீட்டுலயே சொல்லிக் குடுத்துக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் வேலைக்காகாது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே அவசரத்தில் சொல்லும் பதில்கள். இந்தக் கணக்கை என் வீட்டிலேயே ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் புனேயில் இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 13, அடுத்தவன் பையன், ஒன்பது வயது, கடைக்குட்டிப் பெண்ணுக்கு இப்போதுதான் ஆறு. மூத்தவள் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றாள். மற்ற இருவரும் பள்ளிக்கே போனதில்லை. மகள்தான் மூவருக்கும் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறாள். நானும் என் மனைவியும் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறோம். முருங்கை, நிலக்கடலை, கொஞ்சம் தென்னை, இரண்டு நாட்டு மாடு. நடுவில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

"குடும்பத்தோட ஊருக்கே வந்துடலாமான்னு யோசிக்கிறோம்ப்பா" என்று மகள் போனில் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கு 66 ஆகிறது, மனைவிக்கு மூட்டுவலி. எங்களுக்குப் பிறகு இந்த மண்ணை யார் பார்ப்பார்கள் என்ற கவலை இரவில் தூங்கவிடாது. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான், "அப்பாவா சொல்லாதீங்க, கடன் கேட்டு வந்தவங்களுக்கு பாங்க்ல எப்படிச் சொல்வீங்களோ, அப்படிச் சொல்லுங்க" என்றாள்.

விவசாயக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். மனு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கடன் கொடுத்துவிட மாட்டோம். நேரில் போய்ப் பார்ப்போம், யார் உழைக்கப்போகிறார்கள் என்று கேட்போம், தவணை எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். அதையேதான் இங்கேயும் செய்தேன்.

ஆடியில் வந்து பார்க்கச் சொன்னேன்

பொங்கலுக்கு வந்தால் ஊர் அழகாகத்தான் இருக்கும். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், வேலை நடக்கும் காலத்தில் வாருங்கள் என்றேன். பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது வீட்டுக்கல்விக்காரர்களுக்கு இருக்கிற பெரிய வசதி. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போயிருக்கும் நாட்கள் எப்படி இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆடியில் வந்தவர்கள் பத்து வாரம் இருந்தார்கள். கடலை விதைப்பு, களையெடுப்பு, ஆவணி மழை எல்லாம் பார்த்தார்கள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே செய்து பார்த்தார். மோட்டார் ரூம் மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைத்தது. "மாமா, மீட்டிங்குக்கு நான் டவுனுக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று வாரத்தில் மூன்று நாள் வண்டியை எடுத்தார். இதுவும் கணக்கில் சேர வேண்டிய செலவுதான்.

தோட்டம் எதைச் சொல்லிக் கொடுக்கும்?

நிறையச் சொல்லிக் கொடுக்கும். ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு. கால் ஏக்கருக்கு எவ்வளவு என்று பையனைக் கேட்டேன். வாளியையும் தராசையும் வைத்துக்கொண்டு 50 லிட்டர், இரண்டரை கிலோ, அரை கிலோ, அரை கிலோ என்று தானே கண்டுபிடித்தான். நனைத்த சாக்கில் 100 விதை போட்டு முளைத்ததை எண்ணியதில் சதவீதக் கணக்கு அவனுக்குப் பிடிபட்டது.

ஆவணியில் ஒரு சாயங்காலம் மழைமானியில் 22 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,047 லிட்டர். பெருக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒரு ஏக்கர்ல மட்டும் 89,000 லிட்டர்! எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியோடு வரப்பு, மூடாக்கு, கிணற்று மட்டம் என்று ஒரு வாரம் பாடம் ஓடியது.

வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. புனேயில் தேவநாகரி எழுத்துதான் பழக்கம். விதை டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டச் சொன்னேன். "கடலைக்கும் தங்கத்துக்கும் ஒரே 'க'வா தாத்தா? சத்தம் வேற வேறயா இருக்கே!" என்று பையன் திகைத்தான். தேவநாகரியில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. இடத்தைப் பார்த்துச் சத்தம் மாறும் என்று புரிந்தபிறகு வேகமாகப் பிடித்துக்கொண்டான். புரட்டாசிக்குள் இந்தப் பத்திரிகையின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

கைத்தொழில் வழியாகக் கல்வி என்று 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இந்த வழிதான். ஆனால் நண்பர்களே, தோட்டம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடாது. மூத்தவளின் இயற்கணிதத்தை முருங்கை மரம் கற்றுத்தராது. அதற்கு ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

யாருடைய உழைப்பு?

அந்த ஒருவர் எப்போதும் என் மகள்தான். காலையில் மூத்தவளுக்குக் கணக்கு, பிறகு பையன், நடுவில் கடைக்குட்டி மடியில். மத்தியானம் சமையல், ராத்திரி மறுநாள் பாடத்துக்கான தயாரிப்பு. இந்த நிலையில் "தோட்டத்தையும் அவளே பார்த்துக்குவா" என்று உறவினர் ஒருவர் சொன்னபோது என் மனைவி சும்மா இருக்கவில்லை. "அவளுக்கு ரெண்டு கைதான் இருக்கு. யாரு யாரு எந்த வேலைன்னு மொதல்ல எழுதுங்க" என்றாள்.

எழுதினோம். கணக்கும் தமிழும் நான் சொல்லிக் கொடுப்பது, தினம் இரண்டு மணி நேரம். இரவுச் சமையல் மாப்பிள்ளை பொறுப்பு. கடைக்குட்டிக்குக் கதை சொல்வதும் கீரைப் பாத்தியும் அம்மாச்சி. அதன்பிறகுதான் மகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் தனக்கென்று கிடைத்தது. வீட்டுக்கல்வி என்பது இலவசம் இல்லை, அதற்கான கூலியை வீட்டில் ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊர் மாறும்போது அந்தச் சுமையோடு மாட்டையும் களையையும் ஏற்றினால் வண்டி குடை சாய்ந்துவிடும்.

சட்டமும் பரீட்சையும்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை, வீட்டுக்கல்விக்கென்று தனி அங்கீகாரமும் இல்லை. ஆனால் ஒரு நல்ல வழி அதில் உண்டு. பள்ளியே போகாத பிள்ளையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இணையாக வரத் தனிப்பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. இதெல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் நேராகச் சேர இந்தச் சட்டம் துணைக்கு வராது.

அதற்குமேல் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதவும் வழி உண்டு.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. வீட்டுக்கல்வியை ஆறாம் வகுப்புக்கு மேலும் தொடர்ந்தால் இவை கிடைக்காது. விட்டுக்கொடுப்பதும் தப்பில்லை, ஆனால் தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்று பிள்ளைக்கும் மூன்று கணக்கு

ஒரே நாற்றங்காலில் மூன்று வயது நாற்று இருந்தால் ஒரே நாளில் பிடுங்கி நடுவோமா? முற்றிய நாற்றைத் தாமதமாக நட்டால் தூர் கட்டாது. இளசைப் பிடுங்கினால் வெயிலில் வாடும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

கடைக்குட்டிக்கு எங்கே போனாலும் சரி. இரண்டாம் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

பையன் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கபடி பார்க்கப் போனான். நாலாவது நாள் ஆளில்லாமல் ஒரு பக்கத்தில் அவனையே இறக்கிவிட்டார்கள். "இந்த ஸ்கூல்ல நான் சேரலாமா தாத்தா?" என்று அவனாகவே கேட்டான்.

மூத்தவள் கதை வேறு. அவள் வயதுப் பெண்கள் காலையில் டவுன் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார்கள். புனேயில் அவளுக்கு வாரம் மூன்று நாள் நூலகம், தபலா வகுப்பு, கூடப் படிக்கும் நாலு தோழிகள். ஒரு நாள் கிணற்று மேட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. ஆனா இங்க எனக்குன்னு யாருமே இல்லை" என்றாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? "பழகிடும்மா" என்று சொல்லலாம். எனக்கு வாய் வரவில்லை. பதின்மூன்று வயதில் தோழிகளை இழப்பது பெரிய நட்டம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது இரட்டை நட்டம், தினம் சந்திக்க வகுப்பறையும் கிடையாதே.

நிலம் காத்திருக்கும்

மூன்று பேர் பெயரையும் எழுதி, எதிரே வருஷங்களை எழுதினோம். மூத்தவளுக்கு வரும் டிசம்பரில் 14 முடிகிறது. அடுத்த ஆண்டு பதிந்து, அதற்கடுத்த ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிடலாம். தோழிகளோடு படித்து முடிக்கலாம். அந்த ஜூனில் பையனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பில் சேரும் வயது. கடைக்குட்டி அப்போதும் சின்னவள்தான். அந்த ஜூன் இன்னும் 20 மாதத்தில் வருகிறது.

அதுவரை ஒவ்வொரு ஆடிக்கும் பத்து வாரம் வருவார்கள். மாப்பிள்ளை வேலையை விடப்போவதில்லை. புது நிலம் வாங்கி இயற்கைக்கு மாற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். சான்றிதழ் விதிப்படி மாற்றக் காலமே ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று வருஷம். தோப்புக் கடனுக்கு மரம் காய்க்கும்வரை தவணை கேட்க மாட்டோம். அதுபோல நிலத்திடமும் முதல் மூன்று வருஷம் குடும்பச் செலவைக் கேட்காதீர்கள். கேட்டால், பிள்ளைகளின் படிப்பில்தான் முதலில் கைவைக்க வேண்டிவரும்.

மூத்தவள் பதினொன்றாம் வகுப்பை எங்கே படிப்பாள் என்பதை அவளே தேர்வுக்குப் பிறகு சொல்வாள். புனேயில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்றாலும் சரி என்று அவள் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறோம்.

எனக்கும் மனைவிக்கும் இது சுலபமான முடிவு இல்லை. தையிலேயே வந்துவிடுவார்கள் என்று அவள் மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தாள். 66 வயதில் 20 மாதம் என்பது சின்னக் காலம் இல்லை. ஆனால் முருங்கையைக் கவாத்து செய்தால் திரும்பத் துளிர்க்கும், ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரும். பதின்மூன்று வயது திரும்ப வராது. இந்த இடைக்காலத்துக்கு ஊரில் ஒரு தம்பியை ஒரு ஏக்கர் கடலைக்குப் பங்குக்குச் சேர்த்திருக்கிறேன்.

ஊர் திரும்ப நினைக்கும் தம்பிகளே, தங்கைகளே! நிலத்தின் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். எதிரே வயது, அடுத்த பரீட்சை, அவர்களுக்கு அங்கே யார் கூட்டாளி, யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எழுதுங்கள். நாலாவது கட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர் வந்தால், அந்தப் பெயருக்கு உரியவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். மண்ணைப் பிறகு பார்க்கலாம்.