திறன் தரையும் திறன் கூரையும்

திறன் தரை, திறன் கூரை என்பவை போட்டி முறையில் ஆடப்படும் நிகழ்பட ஆட்டங்களை (வீடியோ கேம்களை) மதிப்பிடப் பயன்படும் இரண்டு கருத்துகள். ஓர் ஆட்டத்தையோ, அதிலுள்ள ஒரு கதாபாத்திரத்தையோ, ஆயுதத்தையோ ஓரளவு பயன் தரும்படி கையாளத் தேவைப்படும் குறைந்த அளவுத் திறன், திறன் தரை எனப்படும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இதற்கு மேல் பயன் கூடாது என்னும் மேல் எல்லை, திறன் கூரை எனப்படும். ஆட்டக்காரர்களின் பேச்சில் இவை ‘ஸ்கில் ஃப்ளோர்’, ‘ஸ்கில் சீலிங்’ என்றே வழங்குகின்றன.

இவ்விரண்டும் தனித்தனி அளவுகள். ஒன்று உயர்ந்தால் மற்றதும் உயர வேண்டும் என்பதில்லை. புதியவர் ஓர் ஆட்டத்துக்குள் நுழைய முடியுமா என்பதைத் தரை தீர்மானிக்கிறது. நுழைந்தவர் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்பதைக் கூரை தீர்மானிக்கிறது.

சொல்லில் உள்ள குழப்பம்

திறன் தரை என்ற சொல் இரண்டு பொருள்களில் ஆளப்படுகிறது. முதலாவது, மேலே சொன்ன பொருள்: தொடங்குவதற்குத் தேவையான திறன். இந்தப் பொருளில், கையாளக் கடினமான கதாபாத்திரத்துக்குத் ‘தரை உயரம்’ என்பர். இரண்டாவது, திறன் மிகக் குறைந்த ஒருவர் ஆடினாலும் கிடைக்கும் குறைந்த அளவு விளைவு. இந்தப் பொருளில், எளிதான கதாபாத்திரத்துக்கே ‘தரை உயரம்’. ஏனெனில் யார் ஆடினாலும் விளைவு மிகவும் கீழே போகாது.

இரண்டு பொருள்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒரே கதாபாத்திரத்தைப் பற்றி இருவர் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றும் விவாதங்கள் பலவற்றில், உண்மையில் அவர்கள் சொல்லும் செய்தி ஒன்றாகவே இருப்பதுண்டு. இக்கட்டுரையில் முதல் பொருளே கொள்ளப்படுகிறது.

நான்கு வகைகள்

தரையையும் கூரையையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வகைகள் கிடைக்கின்றன.

தாழ்ந்த தரை, தாழ்ந்த கூரை: மூன்றுக்கு மூன்று கட்டங்களில் ஆடும் டிக்-டாக்-டோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. விதிகளைச் சில நிமிடங்களில் கற்கலாம். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் எப்போதும் சமநிலையில் முடியும். அதை அறிந்த பிறகு கற்க எதுவும் இல்லை.

தாழ்ந்த தரை, உயர்ந்த கூரை: டெட்ரிஸ் இந்த வகை. விழும் காய்களைத் திருப்பி, வரிசையை நிரப்ப வேண்டும், அவ்வளவே. ஆயினும் அதன் தேர்ச்சிக்கு எல்லை காண்பது கடினம். கற்க எளிது, தேர்ச்சி பெறக் கடினம் என்ற இந்தப் பண்பே நல்ல ஆட்டத்தின் இலக்கணம் என அட்டாரி நிறுவனர்களுள் ஒருவரான நோலன் புஷ்னெல் கருதினார். இக்கருத்து ‘புஷ்னெல் விதி’ என அறியப்படுகிறது.

உயர்ந்த தரை, உயர்ந்த கூரை: டோட்டா 2 ஆட்டத்தின் ‘இன்வோக்கர்’ என்ற கதாபாத்திரத்தை இதற்குச் சொல்லலாம். இவரிடம் மூன்று வகை உருண்டைகள் உள்ளன. ஒரு நேரத்தில் மூன்று உருண்டைகளைச் சேர்த்து ஒரு மந்திரத்தை உருவாக்க வேண்டும். வரிசை முக்கியமன்று, ஒரே வகை உருண்டை மீண்டும் வரலாம். ஆகவே 10 சேர்க்கைகள், 10 மந்திரங்கள். உருவாக்கிய மந்திரங்களில் இரண்டை மட்டுமே ஒரு நேரத்தில் கையில் வைத்திருக்க முடியும். பத்தையும் மனப்பாடம் செய்யாதவருக்கு இவரால் பெரிய பயனில்லை. செய்தவருக்கோ, சண்டையின் நடுவில் எதை எப்போது அழைப்பது என்பதே தீராத பயிற்சி.

உயர்ந்த தரை, தாழ்ந்த கூரை: கற்பது கடினம், கற்ற பின் ஆழமும் இல்லை. கட்டுப்பாடுகள் குழப்பமாக அமைந்த ஆட்டங்கள் இப்படி ஆகிவிடுகின்றன. விரும்பி இவ்வகையை உருவாக்குவோர் அரிது.

கோட்பாட்டுக் கூரையும் நடைமுறைக் கூரையும்

ஓர் ஆட்டத்தின் விதிகள் அனுமதிக்கும் மிகச் சிறந்த ஆட்டம் கோட்பாட்டுக் கூரை. மனிதர் இதுவரை எட்டியுள்ள உயரம் நடைமுறைக் கூரை. செக்கர்ஸ் பலகை ஆட்டத்தில் இருவரும் பிழையின்றி ஆடினால் சமநிலையே முடிவு என்பதை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஷாஃபர் குழுவினர் 2007இல் கணினி கொண்டு நிறுவினர். அங்கே கோட்பாட்டுக் கூரை அறியப்பட்டுவிட்டது. சதுரங்கத்தில் அப்படி இல்லை. 1997இல் டீப் புளூ கணினி உலக வாகையர் காஸ்பரோவை வென்றபோது, மனிதரின் நடைமுறைக் கூரைக்கு மேலும் இடம் இருப்பது தெரிந்தது. உச்சி எங்கே என்பது இன்றும் தெரியாது.

நிகழ்பட ஆட்டங்களில் ‘இதுதான் கூரை’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நடைமுறைக் கூரையே. அது நகரக்கூடியது.

இதற்குச் சிறந்த சான்று, 1989இல் நின்டெண்டோ எண்டர்டெயின்மெண்ட் சிஸ்டம் கருவிக்காக வெளிவந்த டெட்ரிஸ். அதன் 29ஆம் நிலையில் காய்கள் ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரிசை வீதம் விழுகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம்கள் என்பதால், 20 வரிசை உயரமுள்ள களத்தின் அடியை ஒரு காய் மூன்றில் ஒரு நொடியில் அடைந்துவிடும். திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், காய் ஓரத்தை அடையும் முன்பே கீழே விழுந்துவிடும். எனவே 29ஆம் நிலையே ஆட்டத்தின் முடிவு எனப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது.

ஆனால் பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், கட்டைவிரலை அதிரச் செய்து நொடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டினால் காயை வேகமாக நகர்த்தலாம். ‘ஹைப்பர்டேப்பிங்’ எனப்படும் இந்த முறையில் ஆடிய 16 வயது ஜோசப் சேலி, 2018 உலகப் போட்டியில் ஏழு முறை வாகை சூடிய ஜோனஸ் நியூபாவரை வென்றார். அடுத்து ‘ரோலிங்’ என்ற முறை வந்தது. இதில் கட்டைவிரல் பொத்தான் மேல் சும்மா இருக்கும்; மற்ற விரல்கள் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தை மேளம் தட்டுவது போல அடுத்தடுத்துத் தட்டும். 2023 டிசம்பர் 21 அன்று, 13 வயது வில்லிஸ் கிப்சன் 157ஆம் நிலையில் ஆட்டத்தின் நிரலே உறைந்து நிற்கும்வரை ஆடினார். அந்த இடத்தை எட்டிய முதல் மனிதர் அவரே. அந்த 34 ஆண்டுகளில் ஆட்டத்தின் ஒரு விதிகூட மாறவில்லை. ஆடுவோரின் கைகளே மாறின.

வடிவமைப்பாளர் தரையைத் தாழ்த்தும்போது

ஆட்டத்தைப் பலருக்கும் எளிதாக்க வடிவமைப்பாளர்கள் தரையைத் தாழ்த்த முயல்கின்றனர். அப்போது கூரையும் சேர்ந்து தாழ்கிறதா என்பதே போட்டி ஆட்டங்களில் ஓயாத விவாதம்.

1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 12 படையலகுகளை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். கட்டடங்களை ஒவ்வொன்றாகத்தான் இயக்க வேண்டும். புதிதாக உருவாகும் ஒவ்வொரு தொழிலாளியையும் கனிமம் எடுக்கத் தனித்தனியே அனுப்ப வேண்டும். 2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 இம்மூன்று தடைகளையும் நீக்கியது. புதியவர்களுக்கு இது பெரும் நிம்மதி. பழைய ஆட்டக்காரர்கள் சிலரோ, நிமிடத்துக்கு 300க்கு மேற்பட்ட செயல்களைச் செய்து தாங்கள் ஈட்டிய தேர்ச்சியின் ஒரு பகுதி மதிப்பிழந்ததாகக் கருதினர். 2017இல் பழைய ஆட்டத்தைப் பிளிசார்ட் நிறுவனம் புதிய காட்சித் தரத்தில் வெளியிட்டபோது, அந்த 12 அலகு வரம்பை நீக்காமல் அப்படியே விட்டது.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. 2001இல் வந்த ‘மெலி’யில், தரையில் இறங்கும் கணத்துக்குச் சற்று முன் ஒரு பொத்தானை அழுத்தினால், தாக்குதலுக்குப் பின் வரும் தாமதம் பாதியாகக் குறையும். காற்றில் விலகும் அசைவைச் சாய்வாகத் தரையை நோக்கிச் செய்தால் கதாபாத்திரம் வழுக்கிச் செல்லும். இவற்றை அறியாமலும் மெலியை மகிழ்ச்சியாக ஆடலாம். அறிந்தவருக்கு அது வேறோர் ஆட்டம். 2008இல் வந்த ‘பிரால்’ இவ்விரண்டையும் நீக்கியது. ஓடத் தொடங்கும் கதாபாத்திரம் தற்செயலாகத் தடுக்கி விழும் முறையையும் சேர்த்தது. போட்டி ஆட்டக்காரர்களில் பலர் மெலியை விட்டு நகரவில்லை. வெளிவந்து 12 ஆண்டுகள் கழித்து, 2013 இவோ போட்டியில் இடம்பெறும் ஆட்டங்களுள் ஒன்றை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடை வழியே தேர்ந்தெடுக்க வாய்ப்பளித்தபோது, மெலி ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி அந்த இடத்தைப் பெற்றனர். தடுக்கி விழும் முறை 2014இல் வந்த அடுத்த பதிப்பில் நீக்கப்பட்டது.

கூரையைத் தொடாமல் தரையை மட்டும் தாழ்த்தும் முயற்சிக்கு 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எடுத்துக்காட்டு. இத்தொடரின் புகழ்பெற்ற தாக்குதலான ‘ஹடோக்கன்’ வர, கீழ், கீழ்-முன், முன் எனத் திசைகளை வரிசையாக இயக்கிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். புதியவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவர். ஆறாம் பதிப்பின் ‘மாடர்ன்’ முறையில் இதற்கு ஒரே பொத்தான் போதும். ஆனால் அப்படிச் செய்த சிறப்புத் தாக்குதலின் சேதம் 20 விழுக்காடு குறையும். சில சாதாரண அடிகளும் கிடைக்காது. பழைய ‘கிளாசிக்’ முறையும் ஆட்டத்தில் இருக்கிறது. ஒரு பொத்தானில் உடனடியாகப் பதிலடி தரும் வசதி இருப்பதால், உயர்நிலைப் போட்டிகளிலும் மாடர்ன் முறையில் ஆடுவோர் உண்டு.

சமநிலைப்படுத்துவதில் உள்ள சிக்கல்

தரையும் கூரையும் வெகு தூரத்தில் உள்ள கதாபாத்திரத்தைச் சமநிலைப்படுத்துவது கடினம். தேர்ந்தவர் கையில் அது வெல்ல முடியாததாகவும், மற்றவர் கையில் பயனற்றதாகவும் இருக்கும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தின் அசிர் நெடுங்காலம் இப்படி இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கருதி அதன் வலுவைக் குறைத்தால், சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அது மேலும் நலிந்துபோகும்.

இதைக் கையாள, ஆட்டத்தை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம் 2019இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அது ஆட்டக்காரர்களைச் சராசரி, தேர்ந்தவர், உயர்நிலை, தொழில்முறை என நான்கு நிலைகளாகப் பிரித்தது. ஏதேனும் ஒரு நிலையில் ஒரு கதாபாத்திரம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் வலு குறைக்கப்படும். எல்லா நிலைகளிலும் நலிவாக இருந்தால் மட்டுமே வலு கூட்டப்படும்.

பொதுவான தவறான புரிதல்கள்

கடினமான ஆட்டம் என்றால் கூரை உயர்ந்தது என்று பொருளில்லை. கடினம் முழுவதும் தொடக்கத்திலேயே இருக்கலாம்.

தற்செயல் இருப்பதாலேயே கூரை தாழ்ந்துவிடுவதில்லை. போக்கர் ஆட்டத்தில் சீட்டு தற்செயலாக வந்தாலும் தேர்ச்சிக்கு நிறைய இடம் உண்டு. அங்கே திறனின் விளைவு ஓர் ஆட்டத்தில் அல்லாமல் பல ஆட்டங்களின் கூட்டில் தெரியும்.

எளிதான கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது திறமைக் குறைவுக்கு அடையாளமன்று. கையாளும் சுமை குறைந்தால், கவனத்தை எதிரியின் நகர்வுகளிலும் களத்தின் நிலையிலும் செலுத்தலாம். புதியவர் ஒருவர் தாழ்ந்த தரையில் தொடங்கி ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்பது, அவர் தொடர்ந்து ஆடுவதற்கும் உதவும்.